கைநாட்டும் கைத்தொலைபேசியும்



நம் தோட்டங்களில் "கைநாட்டு" என்பது ஒரு வசவு. எழுத்துத் தெரியாதவரைக் குத்திக் காட்டும் சொல். சம்பளத்துக்கும் ஈ.பி.எப். படிவத்துக்கும் நம் பாட்டிமார் பெருவிரலில் மை தடவி அழுத்தினார்கள். நாலு எழுத்துப் படித்த பேரப்பிள்ளைகள் பக்கத்தில் கூச்சத்தோடு நின்றார்கள். 2013 செப்டெம்பரில் அப்பிள் நிறுவனம் விரல் வைத்தால் திறக்கும் ஐபோன் 5எஸ் என்ற போனை விற்பனைக்கு விட்டது. உலகத்துப் பணக்காரர்கள் வரிசையில் நின்று, காசு கொடுத்துக் கைநாட்டு வைத்தார்கள். அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

இன்று அந்த வசதி சாதாரண விலைப் போன்களிலும் வந்துவிட்டது. "என் விரலை மட்டும் போன் ஏற்க மாட்டேன் என்கிறது" என்று பல சகோதரிகள் சொல்வதால் இம்மாதம் அதைப் பற்றி எழுதுகிறேன்.

விரல்ரேகையை ஆளடையாளமாக்கிய கதையின் பெரும்பகுதி நமக்குப் பக்கத்தில்தான் நடந்தது. 1858இல் வங்காளத்தில் வில்லியம் ஹெர்ஷல் என்ற ஆங்கிலேய அதிகாரி, ராஜ்யதர் கோனாய் என்ற ஒப்பந்தக்காரரிடம் உள்ளங்கைப் பதிவு வாங்கினார். 1897இல் கல்கத்தாவில் விரல்ரேகைப் பணியகம் தொடங்கியது. ரேகைகளை வகைப்படுத்தும் முறைக்கு உழைத்தவர்கள் அசிசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இருவர். முறைக்கு வந்த பெயரோ மேலதிகாரி எட்வர்ட் ஹென்றியின் பெயர். கொழுந்து எடுப்பது ஒருத்தி, பேர் வாங்குவது இன்னொருவர் என்பது நமக்குப் புதிதல்லவே!

மையும் கடதாசியும் போய், விரலைக் கண்ணாடியில் வைத்துப் படமெடுக்கும் பெட்டிகள் வந்தன. அவற்றைப் பையில் கொண்டு திரிய முடியாது. 1990களில்தான் நகத்தளவு சில்லு ஒன்றே ரேகையை வாசிக்கும் என்ற நிலை வந்தது. நம் விரல் நுனியில் வரப்பும் வாய்க்காலும் போல மேடு பள்ளங்கள் உண்டு. சில்லின் மேல் கண்ணுக்குத் தெரியாத அளவில் ஆயிரக்கணக்கான உலோகத் தகடுகள் இருக்கும். தோலின் மேடு தகட்டுக்குக் கிட்ட இருக்கும், பள்ளம் எட்ட இருக்கும். அந்தத் தூர வித்தியாசத்தால் மின்னேற்றம் கூடிக் குறைய, சில்லு அதை வைத்தே படம் வரைந்துவிடும். விரலில் ஈரம் இருந்தால் பள்ளத்தில் நீர் நிறைந்து எல்லாம் ஒரே மேடாகத் தெரியும். மழையில் கொழுந்தெடுத்துவிட்டு வந்த கையைப் போன் ஏற்காததற்கு இது ஒரு காரணம்.

1998இல் அமெரிக்காவின் புளோரிடாவில் ஒதென்டெக் என்ற கம்பனி தொடங்கியது. தேய்ந்த, காய்த்த மேல்தோலைத் தாண்டி, அடியிலுள்ள உயிருள்ள தோலை வாசிக்க வேண்டும் என்பது அவர்களின் முயற்சி. ஆரம்பத்தில் சில்லின் விலை அதிகம். அதனால் தீக்குச்சி போல ஒடுங்கிய பட்டையாகச் செய்து, அதன் மேல் விரலை இழுக்கச் சொன்னார்கள். 2002இல் எச்.பி. நிறுவனத்தின் ஐபாக் கையடக்கக் கணினியிலும், 2003இல் ஜப்பானில் வந்த புஜிட்சு எப்505ஐ போனிலும், 2004இல் ஐ.பி.எம். மடிக்கணினியிலும் இந்த இழுக்கும் முறைதான். கோணலாகவோ வேகமாகவோ இழுத்தால் ஏற்காது. பலர் அலுத்துப்போய் விட்டுவிட்டார்கள். 2012இல் அப்பிள் சுமார் 356 மில்லியன் டொலருக்கு ஒதென்டெக்கை வாங்கியது. அடுத்த வருடமே, இழுக்காமல் வைத்தாலே போதும் என்றாகிவிட்டது.

ஆனால் எல்லாப் போன்களிலும் உள்ள சில்லுகள் ஒரே தரமல்ல. ஹட்டனில் ஒரு போன் கடையில் நான் நின்றபோது, ஒரு சகோதரி நாலைந்து தரம் பெருவிரலை வைத்தும் போன் ஏற்கவில்லை. கடைப் பையன், "அக்கா, உங்க கையில ரேகையே இல்ல" என்றான். அவர், "இருபது வருசமா கொழுந்து எடுத்த கை தம்பி" என்று மெதுவாகச் சொல்லி, கையைச் சேலைத் தலைப்புக்குள் இழுத்துக்கொண்டார். எனக்குக் கோபம் வந்தது. ரேகை இல்லாமல் போவதில்லை, தம்பி! தாயின் வயிற்றிலேயே உள்தோலில் அது உருவாகிவிடுகிறது. மேலே தேய்ந்தாலும், கைக்குச் சில வாரம் ஓய்வு கிடைத்தால் அதே ரேகை திரும்ப எழும்பும். குறை வாசிக்கத் தெரியாத பொறியுடையது.

இது போனோடு நின்றால் பரவாயில்லை. இந்தியாவில் 2010இல் ஆதார் பதிவு தொடங்கி, பின்னர் ரேஷன் கடைகளிலும் விரல் வைக்கும் பொறி வந்தது. ஜார்கண்டில் அடையாளம் காணத் தவறியது 49 சதவீதம் வரை என்று அந்நாட்டு அரசின் 2016-17 பொருளாதார ஆய்வறிக்கையே குறிப்பிட்டது. பொறி ஏற்காவிட்டால் அரிசி இல்லை. நம் நாட்டிலும் இப்படிப் பொறி வைக்க வந்தால், விரல் ஏற்காதவருக்கு வேறு வழி என்ன என்பதை முதல் கூட்டத்திலேயே கேளுங்கள்.

"பதிவு" என்றாலே நம்மில் பலருக்கு முகாமும் சோதனைச்சாவடியும் நினைவுக்கு வரும். ஐபோன் 5எஸ் ரேகையைப் படமாக வைக்காமல், ஒரு கணக்காக மாற்றிப் போனுக்குள்ளேயே பூட்டி வைத்தது. ஆதார் அப்படியல்ல, அது அரசின் பொதுக் களஞ்சியத்துக்குப் போகிறது. எங்கே விரல் வைத்தாலும் அது எங்கே போகிறது என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

இதை அசைக்க முடியாத பூட்டு என்றும் நம்பிவிடாதீர்கள். 2002இல் ஜப்பானில் மட்சுமோட்டோ என்ற பேராசிரியர், ஜெலி செய்யும் ஜெலட்டினில் போலி விரல் செய்து அன்றைய பொறிகளை ஏமாற்றிக் காட்டினார். அவ்வளவு தூரம் போகவும் தேவையில்லை. நித்திரையில் இருக்கும் பெண்ணின் விரலை எடுத்து வைத்தாலே பல போன்கள் திறக்கும். வீட்டுக்குள் பயம் உள்ளவர்கள் விரல் பூட்டை விட்டு, இலக்கப் பூட்டை மட்டும் வையுங்கள்.

கிளிநொச்சியிலிருந்து எழுதிய சகோதரிக்கு: ஷெல் தீயில் வெந்த உங்கள் வலது பெருவிரலில் உள்தோலும் போயிருந்தால் பழைய ரேகை திரும்பாது. ஆனால் போனுக்குப் பெருவிரல்தான் வேண்டுமென்றில்லை. இடது கையின் மோதிர விரலோ சின்ன விரலோ வேலையில் குறைவாகத் தேயும். இரவில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவி, காலையில் நன்றாகத் துடைத்துக் காயவிட்டு, அந்த ஒரே விரலை இரண்டு தரம் பதிந்து பாருங்கள்.