கடை தெரிய வேண்டுமே!

தாப்பாவிலிருந்து பீடோருக்குப் போகும் பழைய சாலையில் என் அக்கா மகன் தோசைக்கடை திறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. பத்தொன்பது வருடம் வேலை செய்த தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். கையில் கிடைத்த இழப்பீட்டில் பாதி கடைக்குப் போய்விட்டது. தோசைக்குக் குறை சொல்ல முடியாது, சட்டினி அக்காவின் கைப்பக்குவம். ஆனாலும் காலை பத்து மணிக்கு மேல் கடையில் ஈயாடியது. ஒருநாள் இரவு அக்கா போன் செய்தார். "தம்பி, மாவு அரைச்சு அரைச்சுக் கொட்டுறோம். வர்றவங்க எல்லாம் ‘இங்க கடை இருக்கறதே தெரியல’ன்னு சொல்றாங்க. நீ ஒரு தடவை வந்து பாரேன்."

இந்தப் பகுதியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு நான் முப்பது வருடமாகப் பெயர்ப்பலகைத் தொழிலில் இருந்தவன் என்பது தெரியும். தகரத்தில் எனாமல் பெயிண்டால் எழுதத் தொடங்கி, லைட்பாக்ஸ், ஃபிளெக்ஸ், எல்.இ.டி. என்று எல்லாவற்றையும் பார்த்தாகிவிட்டது. ஊருக்கெல்லாம் போர்டு எழுதியவன், சொந்த அக்கா கடைக்கு ஒரு போர்டு வைத்துக் கொடுக்கவில்லையே என்று எனக்கே வெட்கமாகிவிட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமையே கிளம்பினேன்.

கடையை நானும் தாண்டிப் போய்விட்டேன்! முகவரி தெரிந்த எனக்கே அந்த நிலைமை.

காரணம் எளிது. பெயர்ப்பலகை கடை நெற்றியில், சாலையைப் பார்த்தபடி இருந்தது. நடந்து போகிறவருக்கு அது போதும். காரில் வருகிறவர் அதைப் படிக்க வேண்டுமானால் கழுத்தைப் பக்கவாட்டில் திருப்ப வேண்டும். அவர் திருப்பும்போது கடை பின்னால் போயிருக்கும். ஓடும் சாலையில் இருக்கும் கடைக்கு, வருகிற வண்டிக்கு நேர் எதிரே முகம் காட்டி நிற்கும் பலகை வேண்டும். தனிக்கால் போட்டு, இரண்டு பக்கமும் எழுத்து வைத்து, சாலைக்குக் குறுக்குவாட்டில் நிறுத்த வேண்டும்.

1994இல் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுமையாகத் திறந்த பிறகு, அந்தப் பழைய சாலையில் தூரப் பயண வண்டிகள் குறைந்துவிட்டன. இப்போது அதில் வருகிறவர்கள் உள்ளூர்க்காரர்கள், கேமரன் மலைக்குப் போகிறவர்கள், நெரிசலுக்குப் பயந்து மாற்று வழி தேடுகிறவர்கள். இவர்களில் ஒருவரை இழந்தாலும் கல்லாவில் தெரியும்.

அக்கா மகன் ஏற்கெனவே ஒரு தாளில் வரைந்து வைத்திருந்தான். மேலே கடைப் பெயர், கீழே தோசை வகை பதினான்கு, இரண்டு போன் நம்பர், ஒரு பிள்ளையார் படம், ஒரு தோசைப் படம். "மாமா, 8,000 ரிங்கிட் ஒதுக்கி வச்சிருக்கேன். பெருசா, பளிச்சுன்னு வேணும்" என்றான்.

"இதையெல்லாம் யாருப்பா படிப்பா?" என்று கேட்டேன். அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. அதனால் கணக்குப் போட்டுக் காட்டினேன். உங்களுக்கும் சொல்கிறேன்.

மணிக்கு 70 கிலோமீட்டரில் வரும் கார் ஒரு நொடியில் ஏறக்குறைய 19 மீட்டர் ஓடிவிடும். ஓட்டுநர் பலகையைப் பார்த்து, படித்து, பக்கத்தில் இருக்கும் மனைவியிடம் "சாப்பிடலாமா?" என்று கேட்டு, கண்ணாடியைப் பார்த்து, சிக்னல் போட்டு, வேகத்தைக் குறைக்க எட்டு நொடியாவது வேண்டும். அப்படியென்றால் 155 மீட்டருக்கு முன்பே, அதாவது 500 அடிக்கு முன்பே எழுத்து கண்ணில் பட வேண்டும். எங்கள் தொழிலில் ஒரு பழைய கணக்கு உண்டு. ஓர் அங்குல உயர எழுத்து 10 அடியில் சுகமாகப் படிக்க முடியும். கூர்ந்து பார்த்தால் 30 அடி வரை போகும். அந்த 30 அடிக் கணக்கையே வைத்தாலும் 500 அடிக்கு 17 அங்குல எழுத்து வேண்டும். 8 அடி அகலப் பலகையில் 17 அங்குல எழுத்து ஒரு வரியில் எத்தனை நிற்கும்? எட்டு நின்றால் அதிகம். பதினான்கு வகைத் தோசைக்கு எங்கே போவது?

அவன் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டான். ஆனால் ஒன்றில் மட்டும் விடவில்லை. கடைப் பெயர் எங்கள் அம்மாவின் பெயர். அவனுக்குப் பாட்டி. அதைத் தமிழில், மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிதாக எழுத வேண்டும் என்றான். எனக்கும் ஆசைதான். ஆனால் பலகையில் தேசிய மொழிதான் முதன்மையாக இருக்க வேண்டும். மற்ற மொழிகளைச் சேர்க்கலாம், அவை மலாய் எழுத்தைவிடப் பெரிதாக இருக்கக்கூடாது. மலாய்ச் சொற்கள் சரியா என்று டேவான் பகாசா டான் புஸ்தாகாவின் சரிபார்ப்பையும் ஊராட்சி மன்றங்கள் கேட்கும். "எல்லாரும் இப்படியா வச்சிருக்காங்க?" என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது, அவர்களிடம் இன்னும் அதிகாரிகள் வரவில்லை என்பதுதான்.

இதில் இன்னொரு தொழில் விஷயமும் இருக்கிறது. தமிழ் எழுத்துக்குச் சுழி அதிகம். ‘ண’வும் ‘ஜ’வும் ‘ணை’யும் தூரத்தில் அடைத்துக்கொண்டு கறுப்புப் பொட்டாகத் தெரியும். ரூமி எழுத்துக்குப் போதுமான உயரம் தமிழுக்குப் போதாது. உள்ளே விளக்கு வைத்தால் சுழிகள் இன்னும் மோசமாக ஊறிப் போகும். எனவே தமிழை எழுதும்போது கோட்டை மெல்லியதாக்கி, சுழியின் உள்வெளியைத் தாராளமாக விட வேண்டும். கணினியில் இருக்கிற தடித்த எழுத்துருவை அப்படியே இழுத்துப் பெரிதாக்கும் பிள்ளைகள் இதைக் கவனிப்பதில்லை.

கடைசியில் முடிவானது இது: மேலே சிறிதாக ‘ரெஸ்டோரான்’. நடுவில் 17 அங்குலத்தில், ரூமியில், ‘தோசாய்’ என்று ஐந்தே எழுத்து. மலாய்க்காரர், சீனர், தமிழர் யாராக இருந்தாலும் இந்த நாட்டில் அந்தச் சொல் புரியாதவர் உண்டா? அதற்குக் கீழே 8 அங்குலத்தில் அம்மாவின் பெயர் தமிழில். ஓர் அம்புக்குறி. மஞ்சள் பின்னணியில் கறுப்பு எழுத்து. சிவப்பு வேண்டும் என்றான். நம் வெயிலில் மலிவான சிவப்பு மை இரண்டு வருடத்தில் வெளுத்த ரோஸ் நிறமாகிவிடும் என்று சொல்லித் தடுத்தேன்.

பலகை செய்யக் கொடுப்பதற்கு முன் ஒரு வேலை செய்தோம். அதே அளவில் பழைய பிளைவுட்டை மூங்கிலில் கட்டி, நிறுத்தப் போகிற இடத்தில் அவன் பிடித்துக்கொண்டு நின்றான். நான் தாப்பா பக்கமிருந்து மூன்று முறை, பீடோர் பக்கமிருந்து மூன்று முறை ஓட்டி வந்தேன். பீடோர் பக்கமிருந்து வரும்போது ஒரு மரக்கிளையும் மின்கம்பமும் சேர்ந்து பலகையைப் பாதி மறைத்தன. இரண்டு மீட்டர் தள்ளி நின்றதும் சரியாகிவிட்டது. இதைக் கான்கிரீட் போட்ட பிறகு கண்டுபிடித்தவர்கள் பலர்.

அந்த இரண்டு மீட்டரை எந்தப் பக்கம் தள்ளுவது என்பதிலும் கவனம் வேண்டும். சாலையோரப் புல்வெளி எல்லாம் கடைக்காரருடையது என்று நம்மவர்கள் நினைக்கிறார்கள். அது பெரும்பாலும் சாலை ரிசர்வ். கூட்டரசு சாலை என்றால் பொதுப்பணி இலாகாவின் பொறுப்பு. எல்லைக் கல்லைத் தேடிப் பிடித்து, அதற்கு உள்ளே, சொந்த நிலத்தில் அல்லது வாடகை நிலத்தில்தான் கால் ஊன்ற வேண்டும். பலகையின் ஓரம்கூட வெளியே நீட்டாமல் இருப்பது நல்லது. வாடகை நிலம் என்றால் நிலக்காரரிடம் கையெழுத்து வாங்குங்கள். உரிம விண்ணப்பத்துக்கு எஸ்.எஸ்.எம். பதிவு, இடத்தின் படம், அளவோடு வரைபடம், தனிக்காலில் நிற்கும் பலகை என்றால் பொறியாளர் கடிதம் என்று கேட்பார்கள். மன்றத்துக்கு மன்றம் மாறும். கவுண்டரில் நேரில் போய்ப் பட்டியலைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். உரிமத்தைப் புதுப்பிக்கும் தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். எங்களுக்கு அனுமதி வர ஐந்து வாரம் ஆனது. அந்த ஐந்து வாரமும் அக்காவிடம் நான் பட்டபாடு தனிக்கதை.

இனி, நான் அதிகம் பேச விரும்பாத விஷயம். தொழிலுக்கு வந்த ஆறாவது வருடம், ஒரு கடைக்குத் தனிக்காலில் பலகை நிறுத்தினேன். காசு குறைவாகக் கொடுத்தார்கள் என்று குழியை இரண்டடியோடு நிறுத்திவிட்டேன். ஒரு மாலை அடித்த புயல்காற்றில் பலகை வேரோடு சாய்ந்து, நிறுத்தியிருந்த மூன்று மோட்டார் சைக்கிள்கள் மேல் விழுந்தது. அந்த இடத்தில் பள்ளிப் பிள்ளைகள் பஸ்ஸுக்கு நிற்பார்கள். அன்று மழைக்கு ஒதுங்கிக் கடைக்குள் போயிருந்தார்கள். மோட்டாருக்கு இழப்பீட்டை மாதத் தவணையில் கட்டி முடித்தேன். இன்றைக்கும் மேகம் கறுத்தால் எனக்கு அந்த இடம்தான் நினைவுக்கு வரும்.

பலகை என்பது காற்றுக்கு ஒரு பாய்மரம். நொடிக்கு 33 மீட்டர் வேகக் காற்று, 8க்கு 4 அடிப் பலகையை ஏறக்குறைய 200 கிலோ பலத்தில் தள்ளும். அதுவும் பத்தடி உயரத்தில், நெம்புகோல் போல. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் தள்ளும் பலம் நான்கு மடங்காகும். அந்த வட்டாரத்தில் இன்னொரு சிக்கல், பழைய ஈயச் சுரங்க மணல். மேலே புல் முளைத்திருக்கும், தோண்டினால் பொலபொலவென்று உதிரும். பொறியாளர் வந்து பார்த்து, 3 அடிக்கு 3 அடி, 4 அடி ஆழத்தில் இரண்டு குழி என்றார். நான் மறுபேச்சுப் பேசவில்லை.

கான்கிரீட் போட்ட மறுநாளே பலகையை மாட்டலாமா என்று அவன் கேட்டான். ஒரு வாரம் காத்திருக்க வைத்தேன். காலுக்குத் துத்தநாகம் தோய்த்த ஜி.ஐ. குழாய். வெல்டிங் செய்த இடத்தில் அந்தப் பூச்சு எரிந்துபோகும் என்பதால் அங்கெல்லாம் துத்தநாகப் பெயிண்ட் அடித்தோம். கான்கிரீட்டின் மேல்பக்கத்தை நடுவில் உயர்த்திச் சரிவாக முடித்தோம். பெரும்பாலான கால்கள் துருப்பிடித்து ஒடிவது, மழைத்தண்ணீர் தேங்கும் அந்த அடிப்பகுதியில்தான். மின்சார வேலைக்கு உரிமம் உள்ள வயர்மேன். கம்பி மண்ணுக்கடியில் குழாய்க்குள். பல்லி நுழையும் ஓட்டைகளையெல்லாம் அடைத்தோம். சிரிக்காதீர்கள், நான் பழுது பார்த்த லைட்பாக்ஸ்களில் பாதி பல்லியின் கைங்கரியம்.

மொத்தச் செலவு 7,400 ரிங்கிட். அதில் பலகையைவிட மண்ணுக்குள் போனதும் காகிதத்துக்குப் போனதும்தான் அதிகம். அவனுக்கு அது உறுத்தியது.

விளக்குப் போட்டு ஒன்பதாவது நாள் சாயங்காலம் தாப்பாவில் பெரிய காற்றும் மழையும் என்று கேள்விப்பட்டு நான்தான் முதலில் போன் செய்தேன். மூன்று முறை அடித்தும் எடுக்கவில்லை. நான்காவது முறை அக்கா எடுத்தார். பின்னால் தோசைக்கல்லில் தண்ணீர் தெளிக்கும் சத்தமும் யாரோ தண்ணி ஆர்டர் சொல்லும் சத்தமும் கேட்டன.

"போர்டு நிக்குதாக்கா?"

"நிக்குது, நிக்குது. மழைக்கு ரெண்டு கார் உள்ள வந்திருக்கு. கேமரன்ல இருந்து வர்றாங்களாம். நீ அப்புறம் கூப்பிடு" என்று வைத்துவிட்டார்.