டிராக்டர் இழுத்துரும்... ஆனா நிறுத்துமா? டிரெய்லர் வாங்கும் முன் போட வேண்டிய எடைக் கணக்கு

காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துச் செல்லும் குட்டி கேரவன் வீடியோக்களை செல்போனில் பார்த்திருப்பீர்கள். இந்தியாவில் இது இன்னும் அபூர்வம். கேரளா 2021-ல் அறிவித்த கேரவன் சுற்றுலாகூட தானே ஓடும் வண்டிகளை நம்பித்தான் வந்தது.

ஆனால் விருதுநகர் மாவட்டம் திருச்சுழி, அருப்புக்கோட்டை பக்கம் போனால் இழுவை டிரெய்லர் ஒன்றும் புதுசு இல்லை. டிராக்டருக்குப் பின்னால் ஒரு நாள் தண்ணி டேங்கர், மறுநாள் கருவேல விறகு, அடுத்து கரி மூட்டை, மிளகாய் வத்தல். ஆடி மாதம் வந்தால் அதே டிரெய்லரில் பாய், சட்டி பானை, மேலே தார்ப்பாய் கட்டி இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்குக் குடும்பமே கிளம்பும். அங்கே போய் இறங்கினால் சமைப்பது, படுப்பது எல்லாம் அதன் நிழலில்தான். கரிசக்காட்டின் கேரவன் என்றே சொல்லலாம்.

சிக்கல் எங்கே என்றால், டிராக்டர் வாங்கும்போது ஹெச்.பி. பார்த்து வாங்குகிறோம். டிரெய்லரை மட்டும் 'பெருசா இருந்தா நல்லது' என்று வாங்கிவிடுகிறோம்.

இழுப்பது வேறு, நிறுத்துவது வேறு

ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. 5,000 லிட்டர் டேங்கர் என்றால் தண்ணீர் மட்டுமே 5 டன். தொட்டி, சேஸ், சக்கரம் சேர்த்தால் 6 டன்னைத் தொடும். இதை இழுக்கும் 40 ஹெச்.பி. டிராக்டரின் சொந்த எடை சுமார் 2 டன்தான்.

சமதளத்தில் லோ கியரில் இந்தச் சுமை நகர்ந்துவிடும். அதைப் பார்த்துத்தான் 'நம்ம வண்டி தாங்குது' என்று முடிவு செய்கிறோம். பிரேக் அடிக்கும்போதுதான் உண்மை தெரியும். வயல் வேலைக்கான டிரெய்லர்கள் பலவற்றில் பிரேக்கே கிடையாது. டிராக்டரிலும் பொதுவாகப் பின்சக்கரத்தில் மட்டும்தான் பிரேக். ஆக மொத்தம் 8 டன்னை நிறுத்தும் வேலை இரண்டு சக்கரத்தின் தலையில் விழுகிறது.

வேகம் 20 கிலோமீட்டரில் இருந்து 40 ஆனால், பிரேக் பிடித்த பிறகு வண்டி ஓடி நிற்கும் தூரம் இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்கு ஆகும்.

பிரிட்டனில் காருக்கு ஒரு விதி உண்டு. பிரேக் இல்லாத டிரெய்லர், சுமையோடு சேர்த்து, 750 கிலோவையோ காரின் எடையில் பாதியையோ தாண்டக் கூடாது. இரண்டில் எது குறைவோ அதுதான் எல்லை. டிராக்டர் கார் வேகத்தில் ஓடாதுதான். அதற்காக 2 டன் வண்டிக்குப் பின்னால் பிரேக் இல்லாத 6 டன்னா?

கண்மாய்க் கரையில் என்ன நடக்கிறது?

இந்த வட்டாரத்தில் கண்மாய்க் கரை ஏறி இறங்காமல் பல ஊர்களுக்குப் போக முடியாது. ஏறும்போது பின்னால் இருக்கும் சுமை டிராக்டரின் மூக்கைத் தூக்கும். டிரெய்லரை மாட்டும் கொக்கி பின் அச்சுக்கு மேலே உயரமாக இருந்தால் வண்டி அப்படியே மல்லாக்கக் கவிழவும் வாய்ப்பு உண்டு. கொக்கி தாழ்வாக இருக்க வேண்டும் என்பது இதனால்தான்.

இறங்கும்போது கதை நேர் எதிர். டிரெய்லர் பின்னால் இருந்து தள்ளும். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டால் என்ஜினின் பிடியும் போய்விடும். டிராக்டரும் டிரெய்லரும் கத்தி மடங்குவது மாதிரி மடங்குவது இப்படித்தான்.

இன்னொன்று. டிராக்டரில் இடது, வலது சக்கரத்துக்குத் தனித்தனி பிரேக் பெடல். உழவில் சட்டென்று திருப்ப அது வசதி. ரோட்டுக்கு வரும்போது இரண்டையும் கொண்டி போட்டு இணைக்க வேண்டும். இணைக்காமல் அவசரத்தில் ஒரு பெடலை மட்டும் மிதித்தால் வண்டி ஒரு பக்கமாக இழுத்துக் கவிழும். அரை நொடி வேலைதான், அதைத்தான் பலர் மறக்கிறார்கள்.

பாதி நிரம்பிய டேங்கரும் ஆபத்து. வளைவில் தண்ணீர் ஒரு பக்கமாக அலைமோதி வண்டியைச் சாய்க்கும். உள்ளே தடுப்புத் தகடு வைத்த தொட்டியா என்று வாங்கும்போதே கேளுங்கள்.

ஆட்களை ஏற்றினால்?

2022 அக்டோபர் 1-ம் தேதி உத்தரப்பிரதேசம் கான்பூர் அருகே, கோயிலுக்குப் போய்த் திரும்பிய டிராக்டர் டிரெய்லர் குளத்தில் கவிழ்ந்து 25-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். 2024 பிப்ரவரியில் காஸ்கஞ்சில், கங்கையில் நீராடக் கிளம்பியவர்களுக்கும் இதே கதி. இருக்கன்குடிக்குக் கிளம்பும் டிரெய்லரும் அதே மாதிரி வண்டிதான்.

டிரெய்லர் சரக்குக்கானது, ஆட்களுக்கானது அல்ல. இது போலீஸ் அபராதத்தோடு முடியும் விஷயமும் இல்லை. 2007-ல் உச்ச நீதிமன்றம் வரை போன ஒரு வழக்கு: செங்கல் சூளைக்கு மண் ஏற்றிப் போன டிரெய்லரில் இருந்து தொழிலாளி ஒருவர் விழுந்து படுகாயம் அடைந்தார். டிராக்டருக்கு இன்சூரன்ஸ் இருந்தது, டிரெய்லருக்கு இல்லை. போனதும் விவசாய வேலைக்கு அல்ல. காப்பீட்டு நிறுவனத்துக்குப் பொறுப்பில்லை என்றது நீதிமன்றம். அந்தத் தொழிலாளியின் நிலையைப் பார்த்து, பணத்தை முதலில் நிறுவனம் கொடுக்கட்டும், பிறகு வண்டி உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று உத்தரவிட்டது. கடைசியில் சுமை யார் தலையில் என்று பாருங்கள்.

மோட்டார் வாகனச் சட்டப்படி டிரெய்லரையும் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். அனுமதித்த எடையைத் தாண்டினால் பிரிவு 194-ன் கீழ் 20,000 ரூபாய் அபராதம், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய்.

எந்த டிரெய்லர் சரி?

முதலில் டிராக்டர் கையேட்டில் இழுவைத் திறன் எவ்வளவு என்று பாருங்கள். அதில் இருந்து டிரெய்லரின் காலி எடையைக் கழித்தால் வருவதுதான் நீங்கள் ஏற்றக்கூடிய சுமை. காலி எடையைப் பட்டறைக்காரர் வாய்க்கணக்கில் சொன்னால் நம்ப வேண்டாம். எடைமேடையில் ஏற்றிப் பார்ப்பது நல்லது. 20 ஹெச்.பி. மினி டிராக்டர் வைத்திருப்பவர் பக்கத்து வீட்டுக்காரரின் 5,000 லிட்டர் டேங்கரை இரவல் வாங்கவே கூடாது.

இரண்டு சக்கர டிரெய்லரில் பாரம் முழுவதும் பின்னால் போனால் ஆட்டம் போடும், முழுவதும் முன்னால் வந்தால் கொக்கியை அழுத்தும். அச்சுக்கு மேலே பரப்பி, கொஞ்சம் முன்பக்கம் சாய்ந்த மாதிரி அடுக்குவதே சரி.

காருக்குக் கேரவன் டிரெய்லர் தேடுபவர்களுக்கும் கணக்கு இதேதான். விளம்பரத்தில் போடுவது காலி எடை. 100 லிட்டர் தண்ணீர் 100 கிலோ, நிரம்பிய வீட்டு சிலிண்டர் ஒன்று சுமார் 30 கிலோ. மெத்தை, பேட்டரி, பாத்திரம் எல்லாம் அதற்கு மேலே. கையேட்டில் இழுவை எடை என்று எதுவுமே போடாத கார் என்றால், கொக்கியை வெல்டிங் வைக்கும் முன் கம்பெனியிடம் எழுத்துப்பூர்வமாகக் கேட்டுவிடுங்கள்.