அவளுக்கு வேறு முகாம் கிடையாது



நீளமான பதிவு. அவசரத்தில் இருப்பவர்கள் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு படியுங்கள்.

பச்சைமலையில் கூடாரத்து வாசலில் என் தம்பி பேத்தி உட்கார்ந்திருக்கும் படத்தைப் போன வாரம் போட்டிருந்தேன். அதற்குக் கீழேயும், நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் வந்ததையெல்லாம் படித்தேன். "இந்த உடம்போடு மலைக்கா?" "பெத்தவங்களுக்குப் புத்தி வேண்டாமா?" "உங்களுக்கு இந்த வயதில் இது தேவையா டீச்சர்?" மூன்றாவது கேள்விக்கு ஒரே வார்த்தையில் பதில்: தேவை. மற்ற இரண்டுக்கும் கொஞ்சம் விளக்கம் வேண்டும்.

அவளுக்கு ஒன்பது வயது. இருப்பது சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ். உடம்பின் செல்களில் உப்பை உள்ளேயும் வெளியேயும் விடும் ஒரு கதவு சரியாக வேலை செய்வதில்லை. அதனால் நுரையீரலில் சளி பசை மாதிரி கெட்டிப்படுகிறது. கணையத்தின் குழாய்கள் அடைத்துக்கொள்கின்றன, சாப்பிட்ட நெய்யும் எண்ணெயும் செரிப்பதில்லை. இந்தக் கதவுக்கான மரபணுவை 1989-இல் கண்டுபிடித்தார்கள். நான் வகுப்பெடுத்துக்கொண்டிருந்த காலம்தான், ஆனால் நம் பாடப்புத்தகத்தில் அது வரவில்லை. "இது வெள்ளைக்காரர்கள் நோய், நம் ஊரில் கிடையாது" என்றே நம் ஊரில் பல மருத்துவர்களும் நினைத்திருந்தார்கள். அதன் பலனை இவள் அனுபவித்தாள். நான்கு வருடம் "பிரைமரி காம்ப்ளக்ஸ்" என்று மருந்து கொடுத்தார்கள். கொஞ்சும்போது நெற்றி உப்புக் கரிக்கிறது என்று அவள் அம்மா சொன்னபோது யாரும் காதில் வாங்கவில்லை. கடைசியில் வேலூர் சி.எம்.சி.யில் வேர்வையில் உள்ள குளோரைடை அளந்த பிறகுதான் நோய்க்குப் பெயர் கிடைத்தது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். அரையாண்டு விடுமுறையில் அவள் படிக்கும் பள்ளி இரண்டு ராத்திரி முகாமுக்குப் பிள்ளைகளைப் பச்சைமலைக்குக் கூட்டிப்போனது. பள்ளியின் பெயர் வேண்டாம். முதலில் பணம் வாங்கினார்கள். பிறகு டாக்டர் சான்றிதழ் கேட்டார்கள். "போகலாம், இன்னின்ன கவனம் வேண்டும்" என்று டாக்டர் இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தார். அதையும் வாங்கி வைத்துக்கொண்டு, "மற்ற பெற்றோர்கள் ஆட்சேபிக்கிறார்கள், இருமல் ஒட்டிக்கொள்ளும் என்கிறார்கள்" என்று பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். ஜனவரியில் அவள் அப்பா, அம்மா, நான் மூவரும் அதே மலைக்கு அவளைக் கூட்டிப்போனோம்.

இருமல் ஒட்டாது. பிறப்பிலேயே மரபணுவில் வரும் நோய் பக்கத்துப் பெஞ்சுக்கு எப்படித் தாவும்? என்னிடம் படித்து இன்று பெற்றோராக இருக்கும் யாராவது அந்த ஆட்சேபத்தில் கையெழுத்துப் போட்டிருந்தால், வீட்டுக்கு வாருங்கள், காபியும் பாடமும் தருகிறேன்.

அவள் நுரையீரலில் இருக்கும் கிருமிகளைக் கண்டு பயப்பட வேண்டியவர்கள் இதே நோய் உள்ள மற்ற குழந்தைகள்தான். அமெரிக்காவிலும் கனடாவிலும் இந்தக் குழந்தைகளுக்கென்றே கோடை முகாம்கள் நடந்தன. நல்ல எண்ணத்தில்தான் நடத்தினார்கள். ஆனால் பர்க்ஹோல்டேரியா செபாசியா என்ற கிருமி அந்த முகாம்களிலேயே ஒரு குழந்தையிடமிருந்து இன்னொரு குழந்தைக்குப் பரவியது தெரியவந்தது. 1990-களில் அந்த முகாம்களை நிறுத்தினார்கள். இன்றுவரை இந்நோய் உள்ள இருவர் ஒருவருக்கொருவர் குறைந்தது ஆறு அடி தள்ளித்தான் இருக்க வேண்டும்.

இதன் அர்த்தத்தை யோசியுங்கள். காது கேளாத பிள்ளைகள் சேர்ந்து சுற்றுலா போகலாம். சர்க்கரை நோயுள்ள பிள்ளைகள் ஒரே கூடாரத்தில் தூங்கி, ஊசி போடுவதில் போட்டி போட்டுச் சிரிக்கலாம். இவளுக்குத் தன்னைப் போன்ற இன்னொரு பிள்ளையின் தோளில் கை போடக்கூட வழியில்லை. "அவங்களுக்குன்னு தனியா முகாம் இருக்குமே, அங்கே அனுப்புங்க" என்று எழுதிய மருமகனே, அது கிடையாது, இருக்கவும் கூடாது. அவளுக்கு இருக்கும் ஒரே முகாம் சாதாரணப் பிள்ளைகளின் சாதாரண முகாம். அந்தக் கதவைத்தான் பள்ளி சாத்தியது.

ஆபத்தே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆபத்து எங்கே என்று தெரிந்துகொண்டு பேசுங்கள் என்கிறேன். "மலைக்காற்று ஆகாது, குளிர் ஆகாது" என்றார்கள் எல்லோரும். அவளுக்குப் பெரிய எதிரி நம் திருச்சி வெயில். 1940-களின் கடைசியில் நியூயார்க்கில் கடும் வெயில் அடித்தபோது மயங்கி விழுந்து ஆஸ்பத்திரிக்கு வந்த குழந்தைகளில் பலர் இந்த நோய்க்காரர்கள். அதைத் தொடர்ந்து போய்த்தான், இவர்கள் வேர்வையில் உப்பு அதிகமாக வெளியேறுகிறது என்று டி சான்ட் ஆக்னீஸ் என்ற மருத்துவர் 1953-இல் காட்டினார். அப்படியிருக்க, மே மாதம் அக்னி நட்சத்திரத்தில் மண்டபத்துக் கூட்டத்தில் கல்யாணத்துக்கு இவளை உட்கார வைத்தபோது யாரும் "இந்த உடம்போடா?" என்று கேட்கவில்லையே! ஜனவரி பச்சைமலைதான் கண்ணை உறுத்துகிறது.

நாங்கள் போன விதத்தைச் சொல்கிறேன். துறையூர் தாண்டி மலை ஏறும் முன்பே உப்புப் போட்ட மோர். பையில் ஓ.ஆர்.எஸ்., மாவடு, நார்த்தங்காய். (வேறு பிள்ளைகளுக்கு "உப்பைக் குறை" என்பார்கள். இவள் ஊறுகாய் ஜாடியை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.) காலையும் மாலையும் உப்புநீரை ஆவியாக இழுத்து, பிறகு நெஞ்சையும் முதுகையும் தட்டிச் சளியை வெளியேற்ற வேண்டும். பேட்டரியில் ஓடும் நெபுலைசர் கொண்டுபோனோம். அதன் பாகங்களை ஒவ்வொரு முறையும் கொதிக்க வைத்தோம். குளிரில் வைக்க வேண்டிய மருந்துக்கு ஐஸ் பெட்டி. கேம்ப் ஃபயர் இல்லை, புகை கூடாது. வைக்கோல் மேல் படுக்கவில்லை, அதில் பூஞ்சை இருக்கும். தேங்கிய தண்ணீரிலும் சேற்றிலும் இறங்கவில்லை. மழைக்குப் பின் நம் மண்ணில் மெலியாய்டோசிஸ் கிருமி இருக்கலாம், இவளைப் போன்றவர்களுக்கு அது பொல்லாதது. ஏற்றத்தில் நடந்தபோது நன்றாக இருமினாள். பார்த்தவர்கள் பதறினார்கள். அந்த இருமல்தான் எங்களுக்கு வேண்டியது. நடையும் ஓட்டமும் சளியை அசைத்து மேலே கொண்டுவரும் என்பதால்தான் டாக்டர்களே விளையாடச் சொல்கிறார்கள்.

இதில் ஒரு பள்ளியால் செய்ய முடியாதது எது? ஒரு ஆசிரியைக்கு ஒரு சாயங்காலம் சொல்லிக் கொடுத்தால் போதும். ஜலதோஷம் உள்ள பிள்ளையை அவள் கூடாரத்தில் படுக்க வைக்காமலிருந்தால் போதும். முப்பத்திரண்டு வருடம் பிள்ளைகளை மேய்த்தவள் சொல்கிறேன், நாலு பையன்களைக் காவிரியில் இறங்காமல் பார்த்துக்கொள்வது இதைவிடக் கஷ்டம்.

சாப்பாட்டோடு அவள் விழுங்கும் செரிமான கேப்ஸ்யூல் பற்றி ஒருவர் தனியாகப் போன் செய்தார். அது பன்றியின் கணையத்திலிருந்து எடுப்பது என்று எங்கோ படித்தாராம். நம் வீட்டு ஆசாரம் என்னாவது என்று கேட்டார். உண்மைதான், பன்றிதான். அது இல்லாவிட்டால் பொங்கலில் உள்ள நெய் அவள் உடம்பில் சேராது. பெருமாளே ஒரு முறை வராகமாக வந்தவர். ஸ்ரீரங்கத்தில் இருந்துகொண்டு அதை நான் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது!

அதைவிட என்னைச் சுட்டது வேறொன்று. "அவள் அம்மா வயிற்றில் வந்த கோளாறு." எழுதியது நம் வீட்டுப் பெரியவர். அந்தப் பெண்ணும் அந்தக் குழுவில் இருக்கிறாள், படித்தாள். 87-ஆம் வருடத்து 'பி' செக்ஷனே, மெண்டலின் பட்டாணியை இவருக்கு யாராவது சொல்லுங்கள். பழுதான மரபணு அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று, இரண்டும் சேர்ந்தால்தான் இந்த நோய். இருவருமே அதைச் சுமப்பவர்களாக இருந்தால் ஒவ்வொரு பிரசவத்திலும் நான்கில் ஒரு வாய்ப்பு. சுமப்பவர்களுக்கு ஒரு அறிகுறியும் இருக்காது. அத்தை மகன், மாமன் மகள் என்று கட்டி வைத்தால் ஒரே தாத்தா பாட்டியிடமிருந்து அது இரண்டு பக்கமும் வந்து சேரும் வாய்ப்பு கூடுகிறது. இந்தக் கல்யாணத்தை "சொத்து வெளியே போகாது" என்று பேசி முடித்தவர்கள் யார்? நான் அப்போதே மெண்டலைச் சொன்னேன். "டீச்சர் பாடம் எடுக்க ஆரம்பிச்சுட்டா" என்று சிரித்தீர்கள்.

"குணமானதும் போகட்டுமே" என்பவர்களுக்கு: முழுக்கக் குணமாக்கும் மருந்து இல்லை. 2019-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்த மூன்று மருந்துக் கூட்டு பலருடைய வாழ்க்கையை மாற்றியிருக்கிறது. அங்கே அதன் விலை வருடத்துக்கு 3 லட்சம் டாலருக்கு மேல். எல்லா மரபணுப் பிழைக்கும் அது பொருந்துவதும் இல்லை. அதற்காகக் காத்திருக்கும் வரை இவளை ஜன்னலோரத்தில் உட்கார வைப்பீர்களா?

சட்டத்தையும் பார்த்தேன். 2016-ஆம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் தலசீமியா, ஹீமோஃபிலியா உண்டு, இது இல்லை. 2021-இன் அரிய நோய்க் கொள்கையில் இதற்கான ஒரு மருந்தின் பெயர் இருக்கிறது. மருந்துக்கு மனுப் போடலாம், முகாமுக்குப் போட முடியாது. ஆகவே இது பள்ளித் தலைமையின் மனசைப் பொறுத்ததாகிவிட்டது.

உங்களில் ஐந்தாறு பேர் இன்று தலைமை ஆசிரியர்கள். இரண்டு பேர் பள்ளித் தாளாளர்கள். உங்கள் சுற்றுலாப் படிவத்தில் "நோய் ஏதேனும் உண்டா?" என்ற வரிக்குக் கீழே, "இருந்தால் நாங்கள் என்ன செய்ய வேண்டும்?" என்று இன்னொரு வரி சேருங்கள். இந்தக் குழந்தைக்காக டாக்டர் எழுதிக் கொடுத்த இரண்டு பக்கத்தைப் பெயரை எடுத்துவிட்டுத் தட்டச்சு செய்து வைத்திருக்கிறேன். வேண்டுமென்றால் இன்பாக்ஸில் கேளுங்கள். உறவுக்காரர்கள் இன்பாக்ஸுக்கு வர வேண்டாம், அந்தப் பெண்ணுக்கு ஒரு போன் செய்யுங்கள்.