"கண்டிப்பானவர்" என்னும் பொய்

எங்கள் ஊர்களில் ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாள் வெளியிடப்படும் நினைவுமலர்களில் தவறாது இடம்பெறும் சொல் ஒன்றுண்டு. அப்பா "கண்டிப்பானவர்". பத்திரிகையில் ஒப்புநோக்குநராகத் தொடங்கி ஆசிரிய பீடத்தில் பல்லாண்டுகள் இருந்தவன் என்பதால், இம்மலர்களைத் திருத்தித் தருமாறு என்னிடம் கொண்டுவருவோர் அநேகர். பிள்ளைகள் எழுதும் அக்கட்டுரைகளில் வறுமைக்குக் குறைவிராது. கூப்பன் அரிசி, 1970களின் பாண் வரிசை, மண்ணெண்ணெய் விளக்கு, மதியத்துக்கு மரவள்ளிக்கிழங்கு என அனைத்தும் ஒருவிதப் பெருமிதத்தோடு வரும். அம்மாவின் தோடு எங்கே போயிற்று, அதை ஈடுவைத்த பணம் எந்தத் தவறணையில் கரைந்தது என்பது மட்டும் வராது.

வறுமையைச் சொல்ல நமக்கு வெட்கமில்லை. அடியைச் சொல்லத்தான் வெட்கம். வறுமைக்கு அரசாங்கத்தைச் சாடலாம், இடப்பெயர்வுக்குப் போரைச் சாடலாம். அடிக்குப் பொறுப்பானவரோ சுவரிலே மாலையிட்ட படமாகத் தொங்குகிறார்.

என் வீட்டிலும் அப்படியொரு படம் தொங்குகிறது. இரவில் ஒழுங்கை முகப்பில் தந்தையாரின் சைக்கிள் ஓசை கேட்டதும், அம்மா விளக்கைத் தணித்துவிட்டு எங்களை வீட்டுக் கோடிப்புறத்துக்கு அனுப்பிவிடுவார். பனிக்காலத்தில் சாக்கைப் போர்த்துக்கொண்டு அங்கே இருந்திருக்கிறோம். மறுநாள் கிணற்றடியில் தலைவார அவரால் கையை உயர்த்தமுடியாது. இதைக் கண்டிப்பு என்று எழுத எனக்குக் கை வரவில்லை. அதே தந்தையார்தான் விடியுமுன் எழுந்து புகையிலைக்குத் தண்ணீர் இறைத்து எங்களைப் படிப்பித்தார் என்பதையும் நான் மறைக்கப்போவதில்லை. ஒன்றைச் சொல்வதால் மற்றது பொய்யாகிவிடுமா?

என் தலைமுறையின் முற்போக்கு நண்பர்கள் மாக்ஸிம் கோர்க்கியின் பெயரைச் சொல்லாமல் மேடையேறியது அரிது. தமது அப்பாக்களைப் பற்றி எழுதும்போது மட்டும் அவர்களுக்குக் கோர்க்கி மறந்துபோகிறார். 1913–14 இல் வெளிவந்த தமது குழந்தைப் பருவ நூலில் அவர் எதை மறைத்தார்? தந்தை கொலராவில் மாண்டபின் நீஷ்னி நோவ்கொரோட் நகரில் சாயத்தொழில் செய்த பாட்டனார் வீட்டில் ஒதுங்கியதையும், சனிக்கிழமைதோறும் பிள்ளைகளுக்குப் பிரம்படி விழுந்ததையும், தாம் மயங்கி விழுமளவுக்கு அடிவாங்கியதையும் எழுதினார். பாட்டனார் அடித்த அடியில் பாட்டியின் தலைத்தோலில் ஏறிய கொண்டையூசியைத் தாம் பிடுங்கியெடுத்ததையும், தாயை உதைத்த சிறிய தகப்பன்மீது கத்தியோடு பாய்ந்ததையும் கூட விடவில்லை. அதே பாட்டனார் இளமையில் வொல்கா நதிக்கரையில் படகிழுத்துத் தேய்ந்த கதைக்கும் அந்நூலில் இடமுண்டு. அந்த மனிதரை அவர் அரக்கனாக்கவுமில்லை, தெய்வமாக்கவுமில்லை. இந்த அருவருப்புகளை ஏன் எழுதவேண்டும் என்று தம்மையே கேட்டுக்கொண்டு, இவை இன்னும் சாகவில்லை, வேரோடு பிடுங்கவேண்டுமானால் வேரை அறியவேண்டும் என்ற கருத்தில் விடையும் தந்தார்.

இறந்தவரைப் பற்றிக் குறை சொல்லலாமா என்பார்கள். அடிவாங்கியவரும் இறந்துதான் போனார். அவருக்கு யார் பேசுவது? போரில் இத்தனையை இழந்த சனத்துக்கு வீட்டுச் சண்டை ஒரு பொருட்டா என்றும் சிலர் கேட்கிறார்கள். ஷெல்லுக்குப் பதுங்குகுழி வெட்டினோம். தகப்பனுக்குப் பதுங்க எங்களுக்குக் கோடிப்புறத்தைத் தவிர வேறிடம் இருக்கவில்லை.

இது மலர்களோடு நின்றுவிடும் சங்கதியுமன்று. எங்கள் பத்திரிகைத் தொழிலும் மனைவியைக் கணவன் வெட்டிக்கொன்ற செய்திக்குக் "குடும்பத் தகராறு" என்று தலைப்பிட்டே பழகிவிட்டது. இருவரும் சமமாகத் தகராறு செய்ததுபோல! 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி பாதிக்கப்பட்டவர் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கோரலாம். ஆனால் முறைப்பாட்டோடு பொலிஸ் நிலையம் போனவளிடம், பிள்ளைகளை யோசித்துச் சமாதானமாகப் போ என்று சொல்லித் திருப்பியனுப்பியதைச் செய்தி சேகரிக்கப் போன இடங்களில் நான் கேட்டிருக்கிறேன். அப்படிச் சொன்னவரும் ஏதோவொரு கண்டிப்பான அப்பாவிடம் வளர்ந்தவராகவே இருப்பார்.

நினைவுமலர்ப் பிரதிகளை இன்னமும் என்னிடம் கொண்டுவருகிறார்கள். தாராளமாகக் கொண்டுவாருங்கள். "கண்டிப்பானவர்" என்ற சொல்லின் கீழும், அடுத்த பக்கத்தில் அம்மாவுக்கு இட்டிருக்கும் "பொறுமையின் சிகரம்" என்ற பட்டத்தின் கீழும் சிவப்பு மையால் கோடிட்டு, எதைப் பொறுத்தார் என்று ஓரத்தில் எழுதித் திருப்பித் தருவேன்.