முதலில் எண்ணுங்கள், அப்புறம் அடியுங்கள்!

கத்திரிக்காய் வாங்கும்போது என்ன செய்வீர்கள்? ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பீர்கள். பொட்டு மாதிரி ஒரு ஓட்டை தெரிந்தால் போதும், கூடையிலேயே திரும்பப் போட்டுவிடுவீர்கள். 'என்னப்பா, எல்லாம் சொத்தையா இருக்கு?' என்று கடைக்காரருக்கு ஒரு அதட்டல் வேறு. வீட்டுக்கு வந்ததும் அதே காயை உப்புத் தண்ணீரில் போட்டு அலசுவீர்கள். ஏன்? 'மருந்து அடிச்சிருப்பாங்க!'

ஓட்டையும் கூடாது, மருந்தும் கூடாது. ஆசையில் தப்பில்லை. ஆனால் அந்த ஓட்டைக்கும் இந்த மருந்துக்கும் நடுவே செய்ய வேண்டிய ஒரு சின்ன வேலை இருக்கிறது. பெரும்பாலான வயல்களில் அதை யாரும் செய்வதில்லை. செய்ய வைக்க வேண்டியவர்களும் கவலைப்படுவதில்லை. அந்த வேலையின் பெயர், எண்ணுவது.

கத்திரிக்காயைத் துளைக்கும் புழு வானத்திலிருந்து குதிக்கவில்லை. வெள்ளையாக, இறக்கையில் பழுப்புத் திட்டோடு இருக்கும் ஒரு சின்ன அந்துப்பூச்சி ராத்திரியில் வந்து முட்டை வைக்கிறது. முட்டை பொரிந்து வெளியே வரும் புழு, சில மணி நேரத்தில் தண்டுக்குள்ளோ காய்க்குள்ளோ புகுந்துவிடும். புகுந்தபின் நீங்கள் மேலே எத்தனை டப்பா ஊற்றினாலும் உள்ளே இருப்பவருக்கு ஒன்றும் ஆகாது. குடை பிடித்தவன் மேல் பெய்த மழைதான். ஆக, தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று: பூச்சி வந்துவிட்டதா, எப்போது வந்தது, எத்தனை வந்தது?

இதைத் தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. பெண் பூச்சி ஆணை அழைக்க ஒரு வாசனையை விடும். நம் மூக்குக்கு அது எட்டாது. ஆண் பூச்சிக்கு எட்டும்.

பிரான்ஸில் ஃபாப்ர் என்ற பூச்சி ஆராய்ச்சியாளர் 19-ம் நூற்றாண்டிலேயே இதைக் கண்ணால் பார்த்திருக்கிறார். ஒரு மே மாதக் காலையில் கூட்டை உடைத்து வெளியே வந்த பெரிய பெண் அந்துப்பூச்சியைக் கம்பிவலைக்குள் வைத்தார். அன்று ராத்திரியே நாற்பது ஆண் பூச்சிகள் வீட்டுக்குள் வந்து நின்றன. எட்டு ராத்திரிகளில் நூற்றைம்பது. காற்றுப் புகாத டப்பாவில் அந்தப் பெண்ணை அடைத்தபோது ஒன்றுகூட வரவில்லை.

அந்த வாசனை என்ன சரக்கு என்று கண்டுபிடிக்க இன்னும் அரை நூற்றாண்டு ஆனது. ஜெர்மனியின் பூட்டெனான்ட் சுமார் 5 லட்சம் பட்டுப்பூச்சிகளின் சுரப்பிகளிலிருந்து சில மில்லிகிராம் சரக்கைப் பிரித்தெடுத்து 1959-ல் அறிவித்தார். 'ஃபெரமோன்' என்ற சொல்லும் அதே வருஷம் பிறந்ததுதான்.

இன்று அந்த வாசனையைத் தொழிற்சாலையில் செய்து, ஒரு சின்ன ரப்பர் குப்பியில் ஏற்றி விற்கிறார்கள். பிரிட்டனில் இதைத் தோட்டத்தில் தொங்கவிட்டு அந்துப்பூச்சி பார்ப்பதை ஒரு பொழுதுபோக்காகவே வைத்திருக்கிறார்கள். குளவி மாதிரி வேஷம் போட்டுப் பகலில் பறக்கும் ஒரு அந்துப்பூச்சிக் குடும்பம் அங்கே உண்டு. அவற்றில் பலவற்றை ரொம்ப அரிது என்று நினைத்திருந்தார்கள். வாசனைக் குப்பியைத் தொங்கவிட்ட பிறகுதான், அவை அக்கம்பக்கத்திலேயே இருந்தது தெரிந்தது. அதாவது இந்தக் குப்பி ஆயுதம் இல்லை, கண். இல்லாததுபோல் இருப்பதைக் காட்டும் கண்.

நம் ஊரில் இதற்கு இனக்கவர்ச்சிப் பொறி என்று பெயர். பச்சை மூடி, புனல், கீழே ஒரு பாலிதீன் பை. ஏக்கருக்கு ஐந்து வைத்தால் வேவு பார்க்கப் போதும். பருத்தியின் இளஞ்சிவப்புக் காய்ப்புழுவுக்குக் கணக்கும் இருக்கிறது: ஒரு பொறியில் ராத்திரிக்கு 8 பூச்சி வீதம் தொடர்ந்து மூன்று ராத்திரி விழுந்தால் நடவடிக்கை எடு. அதற்குக் கீழே என்றால் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இரு.

இந்தச் 'சும்மா இரு'தான் சிக்கல். சும்மா இருந்தால் யாருக்கு லாபம்?

நான் படித்தது பி.காம். சரக்கைக் கையில் வைத்திருக்கும் ஸ்டோர் கீப்பரே ஆடிட்டராகவும் இருக்கக்கூடாது என்பது முதல் வருஷப் பாடம். நம் கிராமங்களில் நடப்பது என்ன? இலையில் ஒரு ஓட்டை விழுந்தால் விவசாயி நேரே போவது மருந்துக்கடைக்கு. நோய் என்ன என்று சொல்பவர் கடைக்காரர். என்ன மருந்து, எத்தனை மில்லி, எத்தனை தடவை என்று சொல்பவரும் அவரே. விற்பவரும் அவரே. பெரும்பாலும் கடன் கொடுப்பவரும் அவரே! 'உங்க வயலுக்கு இந்த வாரம் ஒண்ணும் வேணாம், போயிட்டு வாங்க' என்று சொல்ல அவருக்கு என்ன பைத்தியமா? அவரைத் திட்டிப் பயனில்லை. கடை வைத்திருப்பவர் விற்கத்தான் செய்வார். அவரையே டாக்டராகவும் உட்கார வைத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டவர்களைத்தான் கேட்கவேண்டும்.

ஒதுங்கியதன் விலை என்ன? 2017-ல் மகாராஷ்டிராவின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்து அடித்தவர்களில் 20-க்கும் மேற்பட்டோர் விஷம் ஏறிச் செத்தார்கள். நூற்றுக்கணக்கானோர் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். முகமூடி இல்லை, கையுறை இல்லை, ஆள் உயரத்துக்கு வளர்ந்த செடி, நாலைந்து மருந்தை ஒன்றாகக் கலந்த கலவை. செத்தவர்களில் கூலிக்கு அடிக்கப் போனவர்களும் உண்டு. பூச்சி எத்தனை என்று எண்ணியிருந்தால் அத்தனை பேரும் பிழைத்திருப்பார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அடிக்காமல் விடும் ஒவ்வொரு தடவையும், ஒரு ஆள் அந்தப் புகைக்குள் நுழையாமல் இருக்கும் தடவை. இதற்குப் பெரிய கணக்கு வேண்டாம்.

இன்னொரு கதை. இந்த இளஞ்சிவப்புக் காய்ப்புழுவை 1843-ல் விஞ்ஞானிகள் முதலில் விவரித்ததே நம் குஜராத்தின் பரூச் பகுதிப் பூச்சியைப் பார்த்துத்தான். 1917-ல் அது அமெரிக்காவின் டெக்ஸாஸுக்குப் போய்ச் சேர்ந்தது. நூறு வருஷம் கழித்து, 2018-ல், எங்கள் பருத்தி வயல்களில் இந்தப் பூச்சியே இல்லை என்று அமெரிக்கா அறிவித்தது. எப்படி? பி.டி. பருத்தி, மலட்டுப் பூச்சிகளைப் பறக்கவிடுவது, வயல் முழுக்க வாசனையைப் பரப்பி ஆணைக் குழப்புவது எல்லாம் சேர்ந்து. கூடவே வயல் வயலாகப் பொறி வைத்து விடாமல் எண்ணினார்கள்.

இங்கே 2002-ல் பி.டி. பருத்தி வந்தது. 'விதையே பார்த்துக்கும்' என்று தூங்கிவிட்டோம். 2010-ல் குஜராத்தில் அந்தப் புழு விதையை ஜெயித்துவிட்டது என்று கம்பெனியே ஒப்புக்கொண்டது. நமக்கு விஷயம் உறைத்தது, காயைப் பிளந்து பார்த்தபோது. ஒரே பூச்சி, இரண்டு தேசம்.

கத்திரிக்காய்க்கும் 2010-ல் நாடே இரண்டுபட்டது. பி.டி. கத்திரிக்காயை நிறுத்திவைத்தார் மத்திய அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ். சண்டை ஓய்ந்ததும் நாம் கத்திரிக்காயை மறந்துவிட்டோம். புழு மறக்கவில்லை.

'பொறியெல்லாம் வச்சுப் பார்த்தாச்சு சார், வேலைக்காகாது' என்பார்கள். என்னென்ன சொல்கிறார்கள், பார்ப்போம்.

'பக்கத்து வயல் பூச்சியெல்லாம் என் வயலுக்கு வந்துடும்.' வருவது ஆண் பூச்சி. ஆண் முட்டை வைக்காது.

'பொறி வச்சும் புழு குறையலை.' குறையாதுதான். தெர்மாமீட்டர் வைத்தால் காய்ச்சல் குறையுமா? ஒரு ஆண் தப்பினாலும் பல பெண்களோடு சேரும். பிடித்தே ஒழிக்க வேண்டுமானால் பொறி இதைவிடப் பலமடங்கு வேண்டும். ஏக்கருக்கு ஐந்து என்பது எண்ணிப் பார்க்கத்தான்.

'நான் ஒருத்தன் வச்சு என்ன ஆகும்?' இது மட்டும் நியாயமான கேள்வி. பூச்சிக்கு வரப்பு தெரியாது. ஊரே சேர்ந்து எண்ணினால்தான் கணக்குக்கு மதிப்பு.

இங்கேதான் அரசாங்கத்தின் மீது என் கோபம். மானியத்தில் பொறி கொடுக்கிறார்கள், போட்டோ எடுக்கிறார்கள், போய்விடுகிறார்கள். அந்தக் குப்பியின் வாசனை மூன்று, நாலு வாரத்தில் தீர்ந்துவிடும். மாற்றுக் குப்பி எங்கே? போன வருஷத்துக் குப்பியோடு திருஷ்டிப் பொம்மை மாதிரி தொங்கும் பொறிகளை நான் பார்த்திருக்கிறேன். வாசனை தீர்ந்த பொறியில் பூச்சி விழாது. பூச்சி இல்லை என்று விவசாயி நம்புவார். பொறியே இல்லாததைவிட இது ஆபத்து.

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. மருந்து கிடைக்கும் ஒவ்வொரு ஊரிலும் தேதி போட்ட புதுக் குப்பி கிடைக்கட்டும். எண்ணவும் எழுதவும் ஊருக்கு ஒருவருக்குச் சம்பளம் கொடுங்கள், பஞ்சாயத்து போர்டில் தினமும் எண்ணிக்கையை எழுதிப் போடட்டும். தங்கம் விலை எழுதுகிறோம், பூச்சிக் கணக்கை எழுதக்கூடாதா? எந்த மருந்து என்று சொல்பவருக்கும் விற்பவருக்கும் நடுவே ஒரு கோடு போடுங்கள்.

உங்களுக்கும் ஒரு பங்கு உண்டு. ஒரு ஓட்டைகூட இல்லாத கத்திரிக்காய்தான் வேண்டும் என்று நீங்கள் அடம்பிடிக்கும்வரை, எண்ணிப் பார்த்துவிட்டு 'இந்த வாரம் மருந்து வேண்டாம்' என்று விடுகிற விவசாயி மார்க்கெட்டில் தோற்றுத்தான் போவார். கிலோவுக்கு ஒரு சொத்தைக்காய் வந்தால் அந்த இடத்தை வெட்டி எறிந்துவிட்டுச் சமையுங்கள். புழு இருந்த காயைக் கண்ணால் பார்த்து ஒதுக்கிவிடலாம். மருந்து இருக்கும் காயைப் பார்த்துச் சொல்ல முடியுமா உங்களால்?