காரின் நாடி பார்க்கும் கருவி

திருகோணமலைத் துறைமுகத்தை அண்டி வாழும் குடும்பத்தினர் பலர் மருத்துவத்துக்கும் மேற்படிப்புக்குமாகக் கொழும்புக்குக் காரிற் செல்வதுண்டு. கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடையே காட்டு வழி. யானைகள் குறுக்கிடும் பாதை. அவ்விடத்தில் இயந்திரத்தின் மஞ்சள் விளக்கு எரியுமாயின், மேலே செல்வதா, திரும்புவதா என்று கலங்காதார் யார்? அக்கலக்கத்தைக் குறைக்கும் சிறு கருவியொன்று இன்று கடைகளிற் கிடைக்கின்றது. சுக்கானின் கீழுள்ள பதினாறு முனைச் செருகுவாயில் அதனைப் பொருத்தினால், பழுதின் குறியீடு கம்பியின்றியே கைத்தொலைபேசிக்கு வந்துவிடும்.

வாங்குமுன் முதலில் நோக்கவேண்டியது காரையே. ஓ.பி.டி.-2 என்னும் பொதுமுறை அமெரிக்காவில் 1996ஆம் ஆண்டு முதல் புதிய கார்களுக்குக் கட்டாயமாயிற்று. நம் நாட்டில் ஓடுபவற்றுட் பல, ஜப்பானில் ஓடிப் பின் இறக்குமதியானவை. அவற்றுட் பழையன சில, செருகுவாய் இருந்தும் அப்பொதுமுறைக்கு இணங்குவதில்லை. ஆதலின் நண்பரின் கருவியை இரவல் பெற்றுச் சோதித்தபின் வாங்குதல் நன்று.

அடுத்தது தொலைபேசி. பழைய வகைப் புளூடூத் கருவி அன்ட்ரொயிட் தொலைபேசிக்குப் பொருந்தும். ஐபோனுக்குப் பெரும்பாலும் பொருந்தாது. ஐபோன் உடையோர் குறைமின் புளூடூத் அல்லது வைபை வகையைக் கேட்டு வாங்குக.

விலையும் கவனிக்கத்தக்கது. இக்கருவிகளுட் பல, கனடா நிறுவனமொன்றின் எல்ம் 327 என்னும் சில்லைப் பார்த்துச் செய்த போலிகள். மிக மலிவானவை சில கார்களுடன் தொடர்புகொள்ளாமல் இடையில் நின்றுவிடும். அன்றியும், சாதாரணக் கருவி பெரும்பாலும் இயந்திரப் பழுதையே காட்டும். தடுப்பு, காற்றுப்பை ஆகியவற்றின் பழுதைக் காட்டுமென நம்பற்க.

நிற்க. குறியீடு நோயின் அறிகுறி மாத்திரமே. பி0301 என்றால் முதலாம் சிலிண்டரில் எரிதல் தவறுகின்றது என்பது பொருள். காரணம் தீப்பொறிச் செருகியா, மின்சுருளா, எரிபொருள் தெளிப்பானா என்பதை மெக்கானிக்கே ஆராய்ந்து சொல்லல் வேண்டும். மஞ்சள் விளக்கு விட்டுவிட்டு மின்னினாலோ, வெப்பம் அல்லது எண்ணெய் அழுத்தத்தின் சிவப்பு விளக்கு எரிந்தாலோ, தொலைபேசியைப் பார்த்துக் காலங்கழியாது பாதுகாப்பான இடத்தில் நிறுத்துக.

இக்கருவியால் குறியீட்டை அழித்து விளக்கை அணைக்கவும் இயலும். பழைய கார் விற்போர் சிலர் அவ்வாறு செய்து பழுதை மறைப்பர். வாங்குவோர் அக்கருவியிலேயே “தயார்நிலை” என்னும் பகுதியைப் பார்த்தல் வேண்டும். சோதனைகள் பல முடிவுறாதிருப்பின், அண்மையில் குறியீடு அழிக்கப்பட்டதோ, பற்றரி கழற்றப்பட்டதோ என ஐயுறலாம். காரணம் வினவித் தெளிந்த பின்னரே பணத்தைக் கொடுக்க.