அடுக்களையில் ஒரு மலைபடுகடாம்

பத்துப்பாட்டின் இறுதிப் பாட்டாகிய மலைபடுகடாம் நம் மாவட்டத்துப் பாட்டு. செங்கண்மா எனப் பண்டு வழங்கிய செங்கத்தை ஆண்ட நன்னன்சேய் நன்னனிடம் பரிசில் பெறச் செல்லும் கூத்தருக்கு வழிகாட்டுவதாகப் பெருங்கௌசிகனார் பாடிய 583 அடிகள் கொண்டது. இன்று பருவதமலை என வழங்கும் நவிரமும், சேயாறும் அதில் இடம்பெறுகின்றன. அடி அண்ணாமலையில் குடியிருந்துகொண்டு, ஆண்டுதோறும் அப்பாட்டை வகுப்பில் நடத்தியும் வரும் நான், அதற்குள் அருமையான சமையற்பாடம் ஒன்று இருப்பதை நாற்பது வயது கடந்த பின்னரே கண்டேன் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன்.

காணச் செய்தது பசிதான். மாமியாரின் உடல்நலம் குன்றியதால் என் துணைவியார் தாய்வீடு சென்று இருபது நாள் தங்க நேர்ந்தது. கைப்பேசியில் ஒரு குழம்பின் செய்முறையைத் தேடி எடுத்தேன். ‘தேவையான பொருள்கள்’ என்ற தலைப்பின்கீழ்ப் பதினொரு பொருள்கள். வீட்டில் இருந்தவை ஏழு. மற்ற நான்கிற்காகத் திருவண்ணாமலைக் கடைத்தெருவிற்குப் போய்த் திரும்பினேன். மூன்று நாள் இவ்வாறே நடந்தது. கடைக்குப் போனது போக, வீட்டில் இருந்த கத்தரிக்காய் வாடியதுதான் மிச்சம்.

நான்காம் நாள் என் தாயார் வந்தார். அடுப்பின் பக்கமே போகவில்லை. முதலில் காய்கறிக் கூடையைக் கவிழ்த்தார். டப்பாக்களைத் திறந்து முகர்ந்தார். பின்பு கொல்லைக்குப் போய் முருங்கைமரத்தை அண்ணாந்து பார்த்தார். வாடிய கத்தரிக்காய் இரண்டு, ஒரு பிடி மல்லாட்டை, முருங்கைக்கீரை, பழம்புளி. மல்லாட்டையை வறுத்துக் கரகரவென்று அரைத்துக் கரைத்துவிட, அரைமணி நேரத்தில் கெட்டியான குழம்பு ஒன்று உருவாயிற்று. “இதற்குப் பெயர் என்னம்மா?” என்று கேட்டேன். “பேரு என்னடா பேரு, இருந்ததைப் போட்டேன்” என்றார்.

அன்றிரவு மலைபடுகடாத்தைப் புரட்டினேன். குறவர்குடிப் பெண்கள் விருந்தினருக்குச் சமைக்கும் பகுதி. அருவி அடித்துக்கொண்டு வந்து சேர்த்த பலாவின் கொட்டையை மாவாக்குகிறார்கள். வேட்டையில் அகப்பட்ட இறைச்சியைச் சேர்க்கிறார்கள். புளிப்பும் மோருமாக உலை வைத்து, அதில் மூங்கிலரிசியைப் பெய்கிறார்கள். இவற்றுள் ஒன்றேனும் திட்டமிட்டு வாங்கியது அன்று. மூங்கில் பூத்து நெல் தருவது பல ஆண்டுகளுக்கு ஒருமுறை. பூத்தபின் மூங்கில் பட்டுவிடும். அருவி பலாக்கொட்டையைக் கொண்டுவரும் நாளையும் எவரும் குறித்துவைக்க இயலாது. வந்ததை வைத்துச் சமைத்தார்கள். பிறிதோரிடத்தில், மேட்டுநிலத்து நெல்லும் மூங்கிலரிசியும் அவரையும் கொண்ட புளிங்கூழ் வருகிறது. கெட்டிப்படுத்த ஒரு மாவு அல்லது பருப்பு, சுவைக்கு ஒரு புளிப்பு, வயிற்றுக்கு ஒரு தானியம் என்னும் கட்டமைப்பு இரண்டிலும் ஒன்றே. பலாக்கொட்டை இருந்த இடத்தில் என் தாயார் மல்லாட்டையை வைத்தார், அவ்வளவே.

செய்முறை நூல்களை நான் பழிக்கவில்லை. மீனாட்சி அம்மாள் 1951இல் வெளியிட்ட ‘சமைத்துப் பார்’ புகுந்தவீட்டில் துணையின்றி நின்ற எத்தனையோ இளம்பெண்களுக்குக் கைகொடுத்தது. ஆயினும் நூல் ஒரு பண்டத்தின் பெயரிலிருந்து தொடங்கிப் பொருளுக்கு வருகிறது. பழைய அறிவு பொருளிலிருந்து தொடங்குகிறது. பெயர் பின்னால் வரும், வராமலும் போகும். இரண்டாம் உலகப் போரின்போது அரிசி அரிதாகவே ரவையில் இட்லி செய்து பார்த்ததாகப் பெங்களூரு எம்.டி.ஆர். உணவகத்தார் கூறுவர். அன்றைய தட்டுப்பாட்டின் பண்டம் இன்று உணவுப்பட்டியலில் தனிப்பெயருடன் வீற்றிருக்கிறது.

எங்கள் வீடுகளில் ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்து சில வாரங்கள் வரை உப்புக்கண்டம் நூலில் கோத்துத் தொங்கும். குளிர்சாதனப் பெட்டி இல்லாத காலத்தில், உறவினருக்கும் ஏழைகளுக்கும் கொடுத்தது போக எஞ்சிய இறைச்சியை உப்பும் மஞ்சளும் தடவி வெயிலில் காயவைப்பார் என் பாட்டியார். மாதக் கடைசியில் அதில் நாலு துண்டு, மாங்காய் இருந்தால் மாங்காய், இல்லையேல் கத்தரிக்காய். எட்டுப் பேருக்கு நாலு துண்டு. கறி எங்கே என்று கேட்டால் “வாசம் வரவில்லையா?” என்பார். நாங்கள் சிரித்துக்கொண்டே உண்போம். பாட்டியார் உண்டாரா என்று பார்த்த நினைவு எனக்கு இல்லை.

இவ்விடத்தில் நாம் சற்று நிற்கவேண்டும். திண்டிவனப் பகுதியாகிய ஓய்மாநாட்டு நல்லியக்கோடனைப் பாடிய சிறுபாணாற்றுப்படையிலும் ஓர் அடுக்களை உண்டு. பசியால் மெலிந்த கிணைமகள் குப்பையில் முளைத்த கீரையை நகத்தால் கிள்ளி வந்து, உப்பில்லாமல் வேகவைத்து, அயலார் பார்த்துவிடுவார்களே என நாணிக் கதவை அடைத்துச் சுற்றத்தோடு பகிர்ந்து உண்கிறாள். அவளும் இருந்ததைக் கொண்டுதான் சமைத்தாள். மலைபடுகடாத்துப் பெண்ணும் அவளும் ஒன்றா? ஒருத்திக்கு மலை கொடுத்தது. மற்றொருத்திக்குக் குப்பைமேடு கொடுத்தது. இரண்டையும் ‘தமிழ்ப்பெண்ணின் கைவண்ணம்’ என்று ஒரே மூச்சில் மேடையில் புகழ்வோரைக் கண்டால் எனக்குச் சினம் வருகிறது. கூடையை நிரப்பாதவர் கைவண்ணத்தைப் பாராட்ட உரிமையுடையவர் அல்லர். நம் ஊர்ப் பெரியவர்கள் இதனைத் தவறாகக் கொள்ளமாட்டார்கள் என நம்புகிறேன்.

இன்னொன்றும் நடக்கிறது. “நீ படி, அடுப்படிக்கு வராதே” என்று தம் மகளிரிடம் தாய்மார் கூறுகின்றனர். அன்பினால் கூறுவது, தாம் பட்டதை மகள் படக்கூடாது என்பதற்காகக் கூறுவது. அதில் பிழை காண எனக்கு மனம் இல்லை. மகனிடமோ எந்தக் காலத்திலும் எதுவும் கூறியதில்லை. ஆகவே கூடையைக் கவிழ்த்துப் பார்க்கும் அந்த அறிவு இத்தலைமுறையில் வாங்குவாரின்றி நிற்கிறது. வெளியூரில் அறையெடுத்துத் தங்கிப் பயிலும் நம் மாணவர் பலர், அறையில் அரிசியும் பருப்பும் இருந்தும் இரவுதோறும் பரோட்டாக் கடையில் நிற்கின்றனர். புளித்த மாவு ஊத்தப்பம் ஆகும் என்றோ, பீர்க்கங்காயின் தோல் துவையல் ஆகும் என்றோ, எஞ்சிய குழம்பைச் சுண்டவைத்தால் மறுநாள் சுவை கூடும் என்றோ அவர்களுக்குச் சொன்னவர் யார்? எது முதலில் கெட்டுவிடும் என்று பார்த்து அதை முதலில் எடுக்கவேண்டும் என்ற ஒரு விதியையாவது நான் அவர்களுக்குச் சொல்லியிருக்கலாம். அந்த விதியை நானே என் தாயாரிடம் சென்ற ஆண்டுதான் கற்றேன்.

வரும் பருவத்தில் மலைபடுகடாம் மீண்டும் என் பங்கிற்கு வருகிறது. முதல் நாள் மேசைமேல் ஒரு பிடி பலாக்கொட்டையைக் கொட்டி, இதை வைத்து என்ன செய்வீர்கள் என்று முன்வரிசை மாணவர்களைக் கேட்கப்போகிறேன். நச்சினார்க்கினியர் உரையை அதன் பின்பு திறக்கலாம்.